வாசலில் இருக்கும் 14 தீவுகள்



மலைச்சரிவில் வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் கொண்ட வீடுகள் அடுக்கடுக்காக நிற்க, கீழே கருநீலக் கடல் விரிந்து கிடக்கும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். புடவைக்கடை நாட்காட்டியில் பார்த்திருக்கலாம், பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கலாம். அது கிரேக்க நாட்டுத் தீவு. குளிர் விலகி வெயில் இதமாக வரும் ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பியர் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, ஒரு தீவில் இரண்டு நாள், அடுத்த தீவில் இரண்டு நாள் என்று ஊர் ஊராகப் போவார்கள்.

அந்தத் தீவுகளில் நம்மவரின் காலடியும் உண்டு. ரோட்ஸ் தீவில் சுல்தான் சுலைமானின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கிரீட் தீவை ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் கைப்பற்றி, 961 வரை ஆண்டார்கள். அவர்கள் அகழி வெட்டிக் கட்டிய தலைநகருக்கு ‘அல்கந்தக்’ என்று பெயர். பிற்காலத்தில் ஐரோப்பியர் அதையே ‘காண்டியா’ என்று அழைத்தார்கள்.

“விசா, விமான டிக்கட், ஹோட்டல்... நமக்கெங்கே இதெல்லாம்?” என்று பெருமூச்சு விடுகிறீர்களா? விட வேண்டாம். மதுரங்குளிச் சந்தியில் புத்தளம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சகோதரியே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் சுமார் 40 கிலோமீற்றரில் கற்பிட்டி. கற்பிட்டியைச் சேர்ந்த தீவுகள் மொத்தம் 14. பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பன்தீவு, காக்கைத்தீவு என்று பெயர்கள் எல்லாம் நம் வாயில் நன்றாகவே நுழையும். ஜெர்மனியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். கனமூலையிலும் விருதோடையிலும் கடையாமோட்டையிலும் பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளை கண்டும், களப்புத் தண்ணீரில் ஒருமுறை கூடப் படகேறாத பெண்கள் எத்தனை பேர்! உங்கள் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மீனைச் சட்டியில் பார்த்த அளவுக்கு அது வந்த கடலைப் பார்க்கவில்லை என்பார்.

“பெண்பிள்ளைக்கு ஏன் கடல் பயணம்?” என்று கேட்கும் மூத்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்கு உம்மு ஹராம் (ரலி) அவர்களை நினைவூட்டுங்கள். அனஸ் (ரலி) அவர்களின் சாச்சி. ஒருநாள் அவர்கள் வீட்டில் சற்றுக் கண்ணயர்ந்த நபி (ஸல்) அவர்கள் புன்னகையோடு விழித்து, தமது சமுதாயத்தார் சிலர் கடல்மீது பயணம் போவதைக் கனவில் கண்டதாகச் சொன்னார்கள். உம்மு ஹராம் உடனே, அவர்களில் என்னையும் சேர்க்கும்படி துஆச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். கேட்டபடியே, உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிஜ்ரி 28ஆம் ஆண்டளவில் கணவர் உபாதா (ரலி) அவர்களோடு கடல் கடந்து ஸைப்ரஸ் தீவுக்குப் போனார்கள். அங்கே வாகனத்திலிருந்து விழுந்து வஃபாத்தானார்கள். லார்னகா என்ற ஊரில் ஓர் உப்பு ஏரியின் கரையில் அவர்களது அடக்கத்தலம் இருக்கிறது. உப்புக் கரையருகே வாழும் புத்தளத்துப் பெண்களுக்கு இதைக் கேட்கும்போது ஏதோ சொந்த ஊர்க் கதைபோல் இருக்கிறதல்லவா?

நம் கரைக்கும் பெரிய விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ‘பத்தாலா’ நம் புத்தளம் என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். கரையெல்லாம் கறுவா மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடந்ததாக அவர் எழுதினார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளைக் காட்டினார். அவரோ பாவா ஆதம் மலைக்குப் போக வழித்துணை தந்தால் போதும் என்றார். அங்கிருந்து தெற்கே சிலாபம் நோக்கிப் போனவர் நம் பக்கத்து மண்ணை மிதிக்காமலா போயிருப்பார்? அப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருவோம். எப்போது போவது? இதில் மட்டும் கவலையீனம் கூடாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கற்பிட்டிக் கடல் நமக்கு இடம் தரும். மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால், பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரருக்குத்தான் கொண்டாட்டம். பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்களுக்கு அது காலமல்ல. அண்மைய ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழுவதால் நமக்கு வசதிதான். பெருநாள் முடிந்து, ஆறு நோன்பும் பிடித்துவிட்டுப் போகலாம்.

பாலாவியிலிருந்து போகும் வழியே ஒரு பயணம். மாம்புரிப் பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயரப் புகைக்கூண்டுகள், கத்தோலிக்கர் கூட்டங்கூட்டமாக வரும் தலவில அன்னம்மாள் தேவாலயம், இடையிடையே வெங்காயத் தோட்டங்கள். மார்ச் மாதத்தில் தலவிலவில் ஒரு திருவிழா நடக்கும். அந்நாட்களில் வீதி நெரிசலாக இருக்கும் என்பதை வேன்காரரிடம் சொல்லி வையுங்கள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இருக்கிறது. அதற்குள் கடற்படையினர் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

கடலில் இரண்டு வகைப் பயணம் உண்டு. ஒன்று, களப்புக்குள்ளேயே சுற்றுவது. தண்ணீர் தட்டுப்போல் கிடக்கும். கண்டற்காடுகளின் வேர்களுக்கிடையில் நண்டு ஓடுவதைப் பிள்ளைகள் கை நீட்டிக் காட்டுவார்கள். சின்னத் தீவுகளை ஒட்டிப் போகலாம். வயதானவர்களுக்கும், கைப்பிள்ளைக்காரிகளுக்கும், வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது. மற்றது, வெளிக்கடலுக்குப் போவது. விடியற்காலை, சுபஹ் தொழுத கையோடு புறப்பட வேண்டும். அதிர்ஷ்டமிருந்தால் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் வரும். சுழன்று சுழன்று குதிக்கும் இனம் அது. மார்ச், ஏப்ரலில் திமிங்கிலம் கண்டவர்களும் உண்டு. முருகைக்கற் பாறைத்திட்டு ஒன்றும் அங்கே பரந்து கிடக்கிறது. 1992இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1998இல் கடல் சூடேறி அதன் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. மெல்லத் துளிர்த்து வந்தது, 2016இல் மறுபடி வெளுத்தது. எனவே மிதிக்க வேண்டாம், ஒடிக்க வேண்டாம், வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்கென்று ஒரு துண்டைக்கூட எடுக்க வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி பற்றிச் சற்று நீட்டித்தே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தார் போன அன்று பெரியவர், பிள்ளைகளாகப் படகுக்கு வந்தது எட்டுப் பேர், படகில் இருந்த அங்கி ஐந்து. “களப்புக்குள்ளதானே, ஒண்ணும் ஆகாது” என்றார் படகுக்காரர். எங்கள் ஆண்களும் அரைமனதாகத் தலையாட்டிவிட்டார்கள். பெண்கள்தான் ஏற மாட்டோம் என்று கரையில் நின்றோம். அரை மணி நேரத்தில் இன்னும் மூன்று அங்கி வந்தது. எங்கிருந்தோ கிடைக்கத்தானே செய்தது! 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மௌத்தானது நமக்கு மறந்துபோகவில்லை. அதுவும் நடுக்கடல் அல்ல, தினமும் கடக்கும் துறைதான். அபாயாவின் மேலே அங்கி போட வெட்கப்படாதீர்கள். பெரிய அளவு கேட்டு வாங்குங்கள், இடுப்பு வாரை இறுக்குங்கள். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலேயே வேண்டும். பெரியவர்களுடையதைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

நீண்டு புரளும் ஆடை படகுப் படியில் தடுக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அபாயாவும் உள்ளே சல்வாரும் வசதி. ஊசி குத்திய ஷாலைவிடத் தலையோடு இறுகும் மப்தா காற்றுக்கு நிற்கும். தீவுகளில் பெண்களுக்கு ஏற்ற கழிப்பிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கற்பிட்டியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கையோடு வேண்டும். வுழூவுக்குக் கடல்நீர் தாராளமாகப் போதும், அது தூய்மையானது என்று நபிமொழியே இருக்கிறது. தொழுகையைச் சுருக்குவதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதற்குரிய தூரம் சுமார் 80 கிலோமீற்றர். மதுரங்குளியிலிருந்து கற்பிட்டிக்குப் போய்க் களப்புக்குள் சுற்றித் திரும்புகிறவர் அந்தத் தூரத்தை எட்டுவதில்லை, ஆகவே முழுத் தொழுகைதான். கொழும்பிலிருந்து வரும் மச்சிமாருக்குச் சட்டம் வேறு, அவர்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்கள் ஆண்களிடம் ஒரு வார்த்தை. ‘ட்ரிப்’ என்றதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண்கள் முதல்நாள் இரவே இறைச்சி அரிந்து, விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, புரியாணிச் சட்டியைத் துணியால் கட்டி வேனில் ஏற்றி, போன இடத்தில் பரிமாறி, வந்து பாத்திரம் கழுவிப் படுக்கும்போது மறுநாள் ஆகிவிடும். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது விடுமுறை. உங்களுக்கு? காலைக்கு இடியப்பமும் சம்பலும் போதும். பகலுக்குக் கற்பிட்டிக் கடையில் சோறும் மீன்கறியும் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அன்று ஒருநாள் சட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

வடக்கே தூரத்தில் நீளமாகக் கிடக்கும் பத்தலங்குண்டு வெறும் மணல்திட்டு அல்ல, மீனவர் வாழும் ஊர். வாடிகள், கருவாட்டுப் பரண், தேவாலயம் எல்லாம் உண்டு. போகிறவர்கள் வீட்டு வாசலுக்குள் கமெராவை நீட்டாமல், கேட்டுக்கொண்டு நடப்பது நல்லது. கருவாடு அங்கேயே வாங்கினால் அந்தக் காசு காயவைத்த கைக்கே போய்ச் சேரும். கற்பிட்டியைப் பெரிய உல்லாசப் பயண வலயமாக்கும் அரசுத் திட்டத்தில் இந்த 14 தீவுகளும் சேர்க்கப்பட்டபோது, தங்கள் வாடியும் வலை இழுக்கும் கரையும் கைவிட்டுப் போய்விடும் என்று மீனவர்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் குரல் எழுப்பினார்கள். கரையை வேலி போட்டு அடைத்தால் மீனவப் பெண்ணுக்கும் இடமில்லை, இடியப்பப் பொட்டலத்தோடு போகும் நமக்கும் இடமில்லை. அவர்கள் பயம் நம்முடையதும்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. இதே தண்ணீர் வழியாகத்தான் 1990 ஒக்டோபர் கடைசியில், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் மீன்பிடிப் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கைப்பிள்ளையும் உடுத்த உடுப்பும்தான் மிச்சம். கற்பிட்டி, புத்தளம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். அப்படி வந்தவர்களில் நம் அயலில் சம்பந்தம் செய்து, நம் உம்மாமாராகவும் மருமக்களாகவும் ஆனவர்கள் இன்று எத்தனையோ பேர்.

எங்களோடு வந்த ராத்தா ஒருவரும் அவர்களில் ஒருவர். 1990இல் அவருக்கு 12 வயது. வேனில் எல்லோரையும் விடக் கலகலப்பாக இருந்தவர், இறங்குதுறைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பு, பையெல்லாம் பாத்துக்குறன்” என்றார். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் மூத்தம்மாதான் அவர்களை அதட்டி விலக்கினார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

களப்பைச் சுற்றி நாங்கள் திரும்பியபோது லுஹருக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூத்தம்மா வழியெல்லாம் ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டபடியே வந்தார். அறுபது வருடம் இந்தக் கரையில் இருந்தும் இதன் குளிர்ச்சி தெரியாமல் போயிற்றே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ராத்தா துறையின் ஓரத்திலேயே, விட்டுப்போன இடத்திலேயே நின்றார். படகு கரை தொட்டதும் இறங்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணிக்கை சரியான பிறகுதான் எங்களுக்கு ஸலாம் சொன்னார்.

அடுத்த முறை களப்புக்குள் மட்டும் போகும் படகென்றால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கியை மட்டும் முதல்நாளே கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.