ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்: ஒரு வார்த்தை, மூணு எலும்பு

விம்கோ நகர்ல தினமும் மெட்ரோ ஏறுறீங்க. 'விம்கோ'ன்னா என்ன? வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. திருவொற்றியூர்ல தீப்பெட்டி ஃபேக்டரி நடத்தின நிறுவனம். நீளமான பேரைச் சுருக்கி ஒட்டினதால அது வாயில சுலபமா நுழையுது.

மருத்துவ வார்த்தைகளும் ஒட்டினதுதான், ஆனா சுருக்காம. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு நர்சிங்கோ பிசியோதெரபியோ சேர்ற ஒருத்தர், வைவால பதில் தெரிஞ்சும் 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்' கிட்ட வந்ததும் தடுமாறலாம். அதைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முகத்தை வலது பக்கம் திருப்புங்க. இடது கழுத்துல சாய்வா ஒரு தசை புடைக்கும். அதோட பேர்தான் இது. 'ஸ்டெர்ன்' மார்பெலும்பு. 'கிளைட்' காறை எலும்பு. கிரேக்கத்துல சாவின்னு அர்த்தம். 'மாஸ்டாய்ட்' காதுக்குப் பின்னாடி கையில தட்டுப்படுற எலும்புப் புடைப்பு. நடுவுல ரெண்டு தடவை வர்ற 'ஓ'வுக்குத் தனியா அர்த்தம் கிடையாது. புளியம்பழத்துல புளியையும் பழத்தையும் சேர்க்குற 'அம்' மாதிரி, அது வெறும் பசை.

அசைகள் ஆறு: ஸ்டெர்-நோ-கிளை-டோ-மாஸ்-டாய்ட். நம்ம நாக்கு முன்னாடி ஒரு 'இ' சேர்த்து 'இஸ்டெர்'னு ஆரம்பிச்சா ஏழாயிடும். 'கிளை' தமிழ்ல ரெண்டு எழுத்து. ஆங்கிலத்துல ஒரே அசை. 'க்'ல உயிர் சேர்க்காம 'க்ளை'ன்னு சொல்லணும்.

அடுத்தது அழுத்தம். தமிழ்ல நாம எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்துல சொல்லுவோம். ஆங்கிலத்துல ஒண்ணு மட்டும் தூக்கலா ஒலிக்கணும், இல்லேன்னா கேக்குறவங்களுக்கு வார்த்தை பிடிபடாது. இங்கே 'ஸ்டெர்'லயும் 'கிளை'லயும் லேசான அழுத்தம். முழு அழுத்தம் 'மாஸ்'ல. ஆமா, மாஸ் காட்ட வேண்டிய இடமே அதுதான்!

இதுல ஒரு லாபமும் இருக்கு. இந்த மாதிரிப் பேர்கள்ல தசை தொடங்குற எலும்பு முன்னாடி வரும், போய் ஒட்டுற எலும்பு கடைசியில வரும். அழுத்தமும் அந்தக் கடைசித் துண்டுலதான் விழும். ஸ்டெர்னோஹயாய்ட் எடுத்துக்குங்க: மார்பெலும்புல தொடங்கி, தொண்டையில இருக்குற ஹயாய்ட் எலும்புல ஒட்டுது, அழுத்தம் 'ஹ'வில. அதனால உச்சரிப்பைச் சரியாப் பிடிச்சா, தசை எங்கே போய் முடியுதுங்கறதும் கூடவே மனசுல நிக்கும்.

அடுத்த தடவை நீளமா ஒரு வார்த்தை வந்தா, பசையைத் தேடுங்க. அங்கே வெட்டுங்க. கடைசித் துண்டைச் சத்தமாச் சொல்லுங்க.