கள்ளபிரானும் காலதூஷகனும்: களவு பற்றி ஒரு ஸம்ப்ரதாய விசாரம்

ஸ்ரீவைகுண்டத்து உத்ஸவருக்குக் கள்ளபிரான் என்று திருநாமம். வடமொழியில் சோரநாதன் என்பர். ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் முதலிய மேற்கத்திய ஊர்களிலிருந்து நவதிருப்பதி யாத்திரை செல்லும் அடியார்கள் பெரும்பாலும் முதலில் ஸேவிப்பது இப்பெருமானையே. ஸ்தல வரலாற்றைக் கேட்டதும் அவர்களுள் ஒருவரேனும் எழுப்பும் வினா ஒன்று உண்டு: களவு செய்தவனுக்குப் பெருமான் துணை நின்றார் என்றால், பக்தி இருந்துவிட்டால் குற்றம் குற்றமன்று என்று ஆகாதா? இவ்வினாவைப் பாமரர் கேள்வி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. பாஷ்யகாரரே இதனைப் பூர்வபக்ஷமாக எழுப்பி விடை அருளியிருக்கிறார்.

வரலாறு பலரும் அறிந்ததே. காலதூஷகன் என்னும் கள்வன் ஒவ்வொரு முறையும் வைகுண்டநாதனைத் தொழுதுவிட்டே களவுக்குப் புறப்படுவான். கிடைத்ததில் பாதியைப் பெருமான் கைங்கர்யத்துக்குச் சேர்ப்பான். அரண்மனையில் களவாடியபோது அவனுடைய கூட்டத்தார் பிடிபட்டனர். அவன் திருவடிகளில் வந்து விழ, பெருமானே அவன் வடிவு கொண்டு அரசன்முன் சென்று, பின் தன் திருமேனியைக் காட்டியருளினார். செல்வத்துக்குத் தர்மம், அரசன், நெருப்பு, கள்வன் என நான்கு பங்காளிகள் உண்டு, முதற்பங்காளிக்குக் கொடாதவனிடம் மற்றவர் வந்து எடுத்துக்கொள்வர் என்ற நீதியை உபந்யாசகர்கள் இங்கே சேர்த்துச் சொல்வதுண்டு.

இதில் ஊன்றி நோக்கத் தக்கது ஒன்று. பெருமான் கள்வனின் பெயரைத் தாம் ஏற்றார். களவுத் தொழிலை அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பாதிப் பொருளைப் பெற்றதற்காக அவனைக் காத்தார் என்று வரலாற்றைப் படிப்பது வணிகப் படிப்பு. பாதியைக் கொண்டு பாதியைச் சுத்தமாக்கிக்கொள்ளலாம் என்ற அக்கணக்கு இன்றும் பல உண்டியல்களின் முன் நிகழ்கிறது என்பது வேறு செய்தி. பிடிபட்ட அன்று அவனிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. திருவடியைத் தவிர வேறு புகல் இல்லை என்ற நிலை மட்டுமே இருந்தது. இதுவே ஆகிஞ்சந்யம், அநந்யகதித்வம் என்று பூர்வர்கள் அருளிச்செய்யும் நிலை. ரக்ஷணத்துக்கு வாசலாய் அமைந்தது இந்நிலையே.

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் மிகக் கெட்ட நடத்தை உடையவனும் என்னையே பயனாகக் கொண்டு பஜிப்பானாகில் அவனை ஸாதுவாகவே எண்ணவேண்டும் என்று கண்ணன் உரைக்கிற இடம், மேற்கூறிய வினாவின் பிறப்பிடம். எம்பெருமானார் இங்கே அவ்வாறு பஜிப்பவனை வைஷ்ணவர்களுள் முற்பட்டவன் என்றே கொண்டாடுகிறார். ஆனால் அதே இடத்தில், தீய நடத்தையினின்று ஓயாதவன் அவனை அடையான் என்று கடோபநிஷத்து சொல்லுகிறதே, ஆசாரம் தவறுதல் மேன்மேலும் பக்தி பெருகுவதைத் தடுத்துவிடாதோ என்று தாமே ஆக்ஷேபம் எழுப்புகிறார். விடை அடுத்த சுலோகத்தில் இருக்கிறது: அவன் விரைவிலேயே தர்மாத்மா ஆகிறான். பஜனம் ரஜஸ் தமஸ்ஸுக்களை வேரோடு களைவதால் தீய நடத்தை நெடுநாள் நில்லாது. இரண்டு சுலோகங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது இதனால் தேறும். முதலாவதை மட்டும் கையில் எடுப்பவன் பாதி மருந்தை உண்டு நோய் தீரவில்லை என்பவனை ஒப்பான்.

ஸ்ரீபாஷ்யத்தில் நான்காம் அத்தியாயத்து முதற்பாதத்தில் இது இன்னும் இறுக்கமாக அமைகிறது. உபாஸனம் தொடங்கியவனுக்கு முன்செய்த பாவங்கள் அழியும், பின்வருபவை ஒட்டா என்பது ஸூத்ரம். ஒட்டா என்றது கவனக்குறைவால் நேர்பவற்றைப் பற்றியதே என்று பாஷ்யகாரர் எல்லை கட்டிவிடுகிறார். துணைக்கு அதே கடோபநிஷத்து வாக்கியத்தையே கொள்கிறார். தூப்புல் பிள்ளையும் ரஹஸ்யத்ரயஸாரத்து அபராதபரிஹாராதிகாரத்தில், ப்ரபத்திக்குப் பின் அறிந்தே செய்த பிழைக்கு அனுதாபமும் ப்ராயச்சித்தமும் வேண்டும் என்றும், மனம் இறுகியிருப்பவனுக்கு இவ்வுலகிலேயே இலகுவான தண்டனை உண்டு என்றும் நிர்ணயிக்கிறார். கன்றின் அழுக்கைத் தாய்ப்பசு நக்குவதுபோல அடியவன் குற்றத்தை அவன் போக்யமாகக் கொள்கிறான் என்பாரும், குற்றத்தைக் காணாதிருத்தலே வாத்ஸல்யம் என்பாரும் வேறுபடுவது அவன் திருவுள்ளத்தைப் பற்றி. நாம் குற்றம் செய்யலாமா என்பதில் இரு கலையாருக்கும் பேதமில்லை.

இனித் திருமங்கையாழ்வார். குமுதவல்லி நாச்சியார் இட்ட நியமப்படி நாள்தோறும் ஆயிரத்தெண்மருக்குத் ததீயாராதனம். கைப்பொருள் கரைந்தபின் வழிப்பறி. திருமணங்கொல்லையில் மணக்கோலத்தில் வந்த பெருமானையே மறித்தது. மூட்டையைத் தூக்க மாட்டாமல் மந்திரம் கேட்டது. திருநகரியில் பங்குனியிலும், திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளிலும் நடைபெறும் வேடுபறி உத்ஸவம் இதன் அனுகாரம். பொருளைப் பறிக்க வந்தவனிடம் பெருமான் திருமந்திரத்தைப் பறிகொடுத்தார் என்று இதனை ரஸிப்பது எளிது. ஆனால் பெரிய திருமொழியின் முதற்பத்து வேறு ஸ்வரத்தில் இருக்கிறது. அங்கே ஆழ்வார் தாம் கள்வராய், வஞ்சகராய்த் திரிந்த காலத்தை நினைந்து உருகுகிறார். அடியார்க்கு அமுதளிக்கவே செய்தேன் என்ற சமாதானம் ஓரிடத்தும் இல்லை. வைபவம் சொல்வோர் தருகிற அந்தச் சாக்கை, சாக்குச் சொல்ல உரிமையுள்ளவரே சொல்லவில்லை. திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் தம்மைச் சூதர், கள்வர் என்று இதே முறையில்தான் பேசிக்கொள்கிறார்.

கடினமான இடம் ஒன்று எஞ்சுகிறது. நாகப்பட்டினத்துப் பொன் புத்தப்படிமத்தைக் கவர்ந்து திருவரங்கத் திருமதில் கட்டினார் என்னும் செய்தி. மந்திரோபதேசத்துக்குப் பின் நிகழ்ந்ததாகவே இது சொல்லப்படுகிறது. ஆழ்வாரின் ஆறு பிரபந்தங்களிலும் இச்செய்தி இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த குருபரம்பரை நூல்களில் வருகிறது. வைபவ நூல்கள் கைங்கர்ய ஊற்றத்தின் எல்லையைக் காட்ட எழுந்தவை. அனுஷ்டானத்துக்கு விதி வகுக்க எழுந்தவை அல்ல. ஒரு மதத்தாரின் வழிபாட்டுப் பொருளை மற்றொருவர் எடுப்பதற்கு இதனைப் ப்ரமாணமாகக் காட்டுவது ஆழ்வாருக்கும் அவத்யம் விளைப்பதே என்பது அடியேனுடைய துணிபு.

குற்றம் பிறப்பில் இருக்கிறதா, செயலில் இருக்கிறதா என்பதிலும் நம் ஸம்ப்ரதாயத்தின் நிலை தெளிவானது. திருமாலை நினைவுகூரும் க்ஷத்ரபந்து காட்டில் வழிப்போக்கரை வருத்தித் திரிந்தவன். தாகத்தால் தளர்ந்த முனிவர் ஒருவருக்கு உதவினான். கொடுந்தொழிலை விட மாட்டாத நிலையிலும் கோவிந்தன் என்னும் திருநாமத்தைப் பெற்று, அடுத்த பிறவியில் உய்ந்தான். இதற்கு நேர்மாறாக, சில குலங்களில் பிறந்தோர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று ஆங்கிலேயர் 1871-இல் சட்டம் இயற்றினர். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. தென்பாண்டி நாட்டில் ஊர்க்காவல் பார்த்த மரபினரும் அதன் கொடுமைக்குத் தப்பவில்லை. மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது. கள்வனின் பெயரையே பெருமான் சூடியிருக்கிற தாமிரபரணிக் கரையிலிருந்து சிறிது தொலைவில் மனிதர் இரவுதோறும் காவல் நிலையத்தில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தனர்.

ஆசார்யர்கள் களவை எங்கே தொடங்கி எண்ணுகிறார்கள் என்பது இன்னும் ஆழமானது. பகவானுக்கே உரிய ஆத்மாவைத் தன்னது என்று நினைப்பது ஆத்மாபஹாரம்; அதைச் செய்த கள்வன் செய்யாத பாவம் எது என்று மஹாபாரதம் கேட்கிறது. பிள்ளை உறங்காவில்லி தாஸரின் தேவிகள் பொன்னாச்சியார் உறங்குவதுபோலக் கிடந்து, ஆபரணங்களைக் கழற்ற வந்தவர்களுக்கு மறுபக்கத்தையும் கொடுக்கப் புரண்டதையும், வந்தவர்கள் அஞ்சி ஓடியதையும் அறிவோம். தாஸர் அவரைப் பாராட்டவில்லை. என்னுடையதை நான் கொடுக்கிறேன் என்ற எண்ணமன்றோ உன்னைப் புரளச் செய்தது என்று கடிந்தார். களவைப் பற்றி இவ்வளவு நுண்ணிய தராசு வேறெங்கும் கண்டதில்லை. காலதூஷகன் கொடுத்த பாதியையும் இத்தராசில் வைத்துப் பார்க்கலாம்.

நுண்மை இருப்பதால் பருமையை ஆசார்யர்கள் விட்டுவிடவில்லை. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என ஒன்றுக்கொன்று கொடியனவாக நான்கை அடுக்குகிறார். பிறர் பொருளைக் கவர்தல் முதலாவதில் அடங்கும். பெருமானுடைய பொருளைக் கவர்தல் இரண்டாவதில். அங்கேயே, கவர்வாருக்கு உதவுவதையும், கேட்டோ கேளாமலோ அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்வதையும் எம்பெருமானுக்கு அநிஷ்டம் என்று சேர்த்தருளுகிறார். கேளாமல் வந்தாலும் என்ற இச்சொல்லை ஊன்றிப் படிக்கவேண்டும். இன்றைய சட்டம் திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்கினானா என்று ஆராயும். பிள்ளை லோகாசார்யர் வாங்கிய கையையே நோக்குகிறார்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவிலில் ஸௌந்தரராஜப்பெருமாள் ஸந்நிதியில் எழுந்தருளியிருந்த திருமங்கையாழ்வார் விக்ரஹத்துக்கு இது அப்படியே பொருந்தும். அவ்விக்ரஹம் 1957-இல் கோயிலில் இருந்ததைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்த புகைப்படம் காட்டுகிறது. 1967-இல் அது லண்டனில் ஸாத்பீஸ் ஏலத்தில் விற்கப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கோயிலில் இருந்தது போலி என்பது 2020-ஆம் ஆண்டளவில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் விசாரித்தபோதே வெளிப்பட்டது. உடனிருந்த வேறு மூர்த்திகளும் அவ்வாறே மாற்றப்பட்டிருந்தன. வாளும் கேடயமும் ஏந்தி வழிமறித்த ஆழ்வாரைக் கடத்தியவர்கள் கோயிலின் நடைமுறை அறிந்தவர்களாகவே இருந்திருக்கவேண்டும். அன்றியும் அத்தனை ஆண்டுகள் அந்த மாற்றம் கண்ணில் படாமலே போனதற்கு ஊராரும் கோயில் பொறுப்பில் இருந்தவர்களும் சொல்லவேண்டிய விடை உண்டு. விக்ரஹத்தைத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மன்றம் 2024 மார்ச்சில் இசைந்தது. ஒவ்வொரு ஸந்நிதியிலும் உள்ள திருமேனிகளைப் பழைய புகைப்படங்களோடும் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மட்டும் பல ஊர்களில் இன்னும் தொடங்கப்படவில்லை.