தானியம் மட்டும் போதாது. பறவைகளுக்கு இடமும் வேண்டும்

சென்னை தி.நகரில் வசிப்பவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவர்கள் குடியிருப்பது ஓர் ஏரியின் மேல். 1920களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை.

ஏரி போனபோது அதை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் இடத்தை இழந்தன. மொட்டை மாடியில் தானியம் தூவுவதால் அவை திரும்பி வந்துவிடாது. கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தேவை மூன்று: மீன் உள்ள தண்ணீர், அமர்வதற்கு மரம், மனிதர்களிடமிருந்து சற்று தூரம்.

அடையாறு காட்டும் வழி

ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய அடையாறு உப்பங்கழியில் ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டன. அதில் 58 ஏக்கர் மீட்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே புல்தரையும் நீரூற்றும் முதலில் வரவில்லை. இடிபாடுகளை அகற்றி, தண்ணீர் தேங்கப் பள்ளங்களைத் தோண்டினார்கள். கரையோரம் அலையாத்திச் செடிகளையும், மேட்டில் நம் மண்ணுக்குரிய மரங்களையும் நட்டார்கள். பறவைகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. இடம் சரியானதும் அவையே வந்தன.

திறந்த பிறகும் பல ஆண்டுகள், முன்பதிவு செய்த மாணவர் குழுக்களே பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டன. 'மக்கள் பணத்தில் அமைத்த பூங்கா மக்களுக்கு இல்லையா?' என்று கேட்பது நியாயமே. ஆனால் ஆள் நடமாட்டத்தால் அடிக்கடி கூட்டைவிட்டுப் பறக்கும் பறவையின் முட்டைகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகிவிடும். நடைபாதை ஓரமாகச் செல்ல, கூடு கட்டும் பகுதி ஒதுங்கியிருந்தால் இரு தரப்புக்கும் இடம் கிடைக்கும். வடிவமைப்பு என்பது இதுதான்.

நாம் செய்யக்கூடியவை

* மாடப்புறாக்களுக்குத் தினமும் தானியம் கொட்டுவதைத் தவிர்க்கலாம். கூட்டம் பெருகி எச்சம் சேர்ந்தால் நுரையீரல் பாதிப்பு வரக்கூடும். நிழலில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து, கொசு வராமல் தினமும் மாற்றுங்கள்.
* சிட்டுக்குருவிக்கு, சுமார் 3 செ.மீ. துளையுள்ள மரப்பெட்டியைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டலாம்.
* பெரிய கண்ணாடி ஜன்னல்களின் வெளிப்புறத்தில் 2 அங்குல இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால், பறவைகள் மோதிச் சாவது குறையும்.
* பள்ளிவாசல் வளாகத்தில் நாவல், அத்தி போன்ற மரங்களை நடலாம். ஒளூச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் அவற்றின் வேருக்குப் பாயும்படி ஜமாஅத் நிர்வாகிகள் ஏற்பாடு செய்யலாம்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி வழியாக நாம் அறிந்ததே. தானியம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். மரமோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பறவைகளுக்குப் பழம் தரும்.