சீறாப்புராணத்துக்கு வழி திறந்த சதக்கத்துல்லா அப்பா

பாளையங்கோட்டை ரகுமத் நகரில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி இருக்கிறது. 1971-ம் ஆண்டில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதில் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆனால், "யார் அந்த சதக்கத்துல்லா அப்பா?" என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்பவர்கள் சிலரே.

அவர் அரபு மொழியில் கரை கண்டவர். கவிதை எழுதியதும் அரபியில்தான். ஆனால் தமிழில் ஒரு பெருங்காப்பியம் பிறப்பதற்கு அவருடைய சம்மதம் தேவைப்பட்டது. அந்தச் சம்மதம் எளிதில் கிடைத்துவிடவில்லை!

காயல் தந்த கல்வி

பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையை வாழவைக்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது காயல்பட்டினம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்தக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி, 13-ம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த யாத்திரிகர் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் வந்த கப்பல்கள் இங்கே குதிரைகளை இறக்கின.

சரக்கோடு கல்வியும் வந்தது. வீட்டில் தமிழ், பள்ளிவாசலில் அரபு என்று இரு மொழிகளிலும் வளர்ந்தவர்கள் இவ்வூர் மக்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் 'அரபுத் தமிழ்' இங்கே செழித்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, அரபு எழுத்துக்களில் புள்ளி கூட்டிப் புது எழுத்துக்களை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இந்த ஊரில்தான் 1632-ல் (ஹிஜிரி 1042) சுலைமான் வலியின் மகனாக சதக்கத்துல்லா பிறந்தார். பிற்காலத்தில் கீழக்கரையில் தங்கி, மார்க்கக் கல்வி புகட்டினார். மக்கள் அன்போடு 'அப்பா' என்று அழைத்தார்கள்.

வீடும் திண்ணையும்

நபிகள் நாயகத்தின் புகழைப் பாடும் 'வித்ரிய்யா' என்ற பழைய அரபுக் கவிதைக்கு அப்பா ஐந்தடி ஆக்கம் செய்தார். இதற்குத் 'தக்மீஸ்' என்று பெயர். பழைய பாட்டின் இரண்டு அடிகளுக்கு முன்னால், அதே சந்தத்தில், அதே பொருளில் மூன்று புதிய அடிகளைச் சேர்க்க வேண்டும். பிறர் கட்டிய வீட்டுக்குத் திண்ணை கட்டுவது போன்ற வேலை இது. திண்ணை தனியாகத் தெரிந்தால் கட்டியவருக்குக் குறை!

முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களைப் போற்றி அவர் பாடிய 'குத்பிய்யா' மலையாள நாட்டிலும் பரவியது. கேரளத்து முஸ்லிம்கள் இன்றும் அதை ஓதுகிறார்கள். அங்கே அவர் பெயர் 'சதக்கத்துல்லா அல்காஹிரி'. காஹிரி என்றால் காயல்காரர்.

புலவர் கேட்டார்; பெரியவர் மறுத்தார்

அந்தக் காலத்தில் எட்டயபுரத்தில் உமறு என்ற இளம் புலவர் இருந்தார். அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணவர். நபிகளின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று, 'செத்தும் கொடுத்தான்' எனப் பெயர் பெற்ற வள்ளல் சீதக்காதி அவரை வேண்டினார். வரலாற்றுக் குறிப்புகள் எல்லாம் அரபியில் இருந்தன. உமறு அப்பாவிடம் வந்து உதவி கேட்டார்.

அப்பா மறுத்துவிட்டார்.

புலவரின் அரண்மனைக் கோலத்தைக் கண்டு பெரியவர் தயங்கினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காவியம் என்றால் கற்பனை வேண்டும், வருணனை வேண்டும். நபிகளின் வரலாற்றிலோ, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே நூலில் இசையுமா?

மனம் நொந்த உமறு பள்ளிவாசலில் தங்கி, 'முதுமொழி மாலை' பாடி உருகினார் என்றும், பிறகு கனவில் அனுமதி கிடைத்தது என்றும் சொல்வார்கள். அப்பாவின் மனம் இளகியது. பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் புலவரை அனுப்பிவைத்தார். அவர் அரபு நூல்களின் பொருளைச் சொல்ல, உமறு பாடத் தொடங்கினார். சீதக்காதி மறைந்த பின், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார்.

அரேபியாவில் தமிழ் வெள்ளம்

அதுதான் 'சீறாப்புராணம்'. மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். அப்பாவின் தயக்கத்துக்கு உமறு தந்த பதிலும் அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது. நிகழ்ச்சிகளுக்கு அரபு நூல்களின் செய்தி. வருணனைக்குத் தமிழ் மரபு!

நாட்டுப்படலத்தில் அரேபியாவின் மலைமேல் மழை கொட்டுகிறது. வெள்ளம் குறிஞ்சியையும் முல்லையையும் கடந்து மருத நிலத்தில் பாய்கிறது. உழவர்கள் நாற்று நடுகிறார்கள். படிக்கும் நெல்லைக்காரருக்கு அது மக்கத்து மண்ணாகவா தோன்றும்? தன் ஊர் வாய்க்காலும் வயலும் அல்லவா கண்முன் வரும்!

நபிகளின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்க உமறுவால் இயலவில்லை. மதீனத்து வாழ்வின் இடையிலேயே நூல் நின்றது. எஞ்சியதைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்று பாடினார். ஏட்டில் இருந்த சீறாவை 1842-ல் அச்சேற்றியவர் காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அப்பா பிறந்த அதே ஊர்க்காரர்!

சதக்கத்துல்லா அப்பா 1703-ல் (ஹிஜிரி 1115) காலமானார். கீழக்கரையில் அடக்கமாகியிருக்கிறார். உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது.

சீறாவில் அப்பா எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் கற்றவர் ஒருவர் முதலில் சொன்ன 'இல்லை'யை மாற்றிக்கொள்ளத் துணிந்ததால், தமிழுக்கு 5,027 பாடல்கள் கிடைத்தன. எழுதியவரைப் போலவே, எழுத வழிவிட்டவரையும் நினைக்க வேண்டாமா?