வெள்ளம் வந்த பிறகு ‘வீட்ல என்ன இருந்துச்சு?’னு கேட்டா என்ன காட்டுவீங்க? வீட்டையும் பொருட்களையும் போட்டோ எடுத்து வைப்பது ஏன் முக்கியம்?

2021 நவம்பரில் பெய்த கனமழையில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆற்றை ஒட்டிய தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்ததில் 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். அதே மாதம் 29ஆம் தேதி வேலூர் அருகே 3.6 ரிக்டர் அளவில் நில அதிர்வும் பதிவானது.

உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் உயிர் தப்பிய குடும்பங்களுக்கு தண்ணீர் வடிந்ததும் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கும். வீட்டில் என்னவெல்லாம் இருந்தது, எது போனது, அதன் மதிப்பு எவ்வளவு? சேறு படிந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. மழைக்கு முன்பே செல்போனில் எடுத்து வைத்த சில போட்டோக்கள் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

ஆம்பூர், வேலூர் பக்கம் இது ஏன் கூடுதல் முக்கியம்?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்கள் எல்லாமே பாலாற்றை ஒட்டியே வளர்ந்தவை. தோல் பதப்படுத்த நிறைய தண்ணீர் தேவை என்பது அதற்கு ஒரு காரணம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால் ‘இதுல எங்க வெள்ளம் வரப்போகுது’ என்று தோணும். ஆனால் 1903 நவம்பரில் வந்த வெள்ளத்தில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண் வாணியம்பாடியில் இன்றும் நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில் பகல் முழுக்க வீடு பூட்டியே இருக்கும். திடீரென தண்ணீர் வந்தால் பொருளை மேலே தூக்கி வைக்கக்கூட ஆள் இருக்காது. பிரிட்ஜ், கிரைண்டர், பீரோ, தையல் மெஷின் எல்லாம் போனஸிலும் தவணையிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

இன்சூரன்ஸ் இருந்தால் போட்டோ எப்படி உதவும்?

வீடுகளுக்கான ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றால் ஏற்படும் சேதத்துக்கு இதில் இழப்பீடு கிடைக்கும். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தால், உள்ளே இருக்கும் பொதுவான வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக பாலிசி எடுக்கலாம்.

பாலிசி எடுக்கும்போது இந்த 20 சதவீதத்துக்குப் பொருள் பட்டியல் தர வேண்டியதில்லை. ஆனால் இழப்பீடு கேட்கும்போது என்ன இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பில் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். அப்போது பொருள் வீட்டில் இருந்ததைக் காட்ட தேதியுடன் கூடிய போட்டோ துணை ஆதாரமாகும்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

• நகை, வெள்ளி, கலைப் பொருட்கள் தானாகச் சேராது. அதற்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். மொத்தம் ரூ.5 லட்சத்துக்குள்ளும், ஒரு பொருள் ரூ.1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை.

• ரொக்கப் பணம், பத்திரம், ஆவணங்கள் பொதுவாக இதில் வராது. எனவே ஆவணங்களைப் படம் எடுத்து வைப்பது இன்னும் அவசியம்.

• ஆம்பூர் பகுதியில் பல பெண்கள் ஷூ மேல்பாகத்தை வீட்டுக்கே வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. வீட்டில் இருந்தாலும் அந்தச் சரக்கு உங்கள் வீட்டு உபயோகப் பொருள் அல்ல. நனைந்து போனால் ‘எத்தனை ஜோடி வாங்குன?’ என்ற கேள்வி வரும். சரக்கு கைக்கு வந்த அன்றே, எண்ணிக்கை தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

இன்சூரன்ஸ் இல்லையே, அப்போ எதுக்கு?

அரசு நிவாரணம் பொருளுக்குப் பொருள் கணக்குப் போட்டுத் தரப்படுவதில்லை. 2022-26 காலத்துக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறைப்படி, வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுவதும் இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலோ, ஒரு குடும்பத்துக்கு துணிமணிக்கு ரூ.2,500, பாத்திரம் உள்ளிட்ட வீட்டுப் பொருட்களுக்கு ரூ.2,500. வீட்டுச் சேதத்துக்கான தொகை தனி.

இதில் முக்கியமான கேள்வி, வீடு எந்த அளவுக்குச் சேதமானது என்பதுதான். அது பகுதிச் சேதமா, முழுச் சேதமா என்பதைப் பொறுத்தே தொகை மாறும். சுவர் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களையும் வருவாய்த் துறையினரிடம் காட்டினால் பேச்சு சுலபமாகும். அதனால் தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போனை எடுங்க. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, விரிசல், நனைந்த பொருட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிறகு கழுவுங்க. ஆனால் சுவர் சாய்ந்திருந்தாலோ கரண்ட் இருந்தாலோ போட்டோவுக்காக உள்ளே போகவே கூடாது.

எப்படி எடுப்பது?

• முதலில் வெளியே. கதவு எண் தெரியும்படி வாசல், நான்கு பக்கச் சுவர், மாடி.

• பிறகு ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையில் இருந்தும் ஒரு படம். பீரோ, பரண், சமையலறை அலமாரி ஆகியவற்றைத் திறந்து வைத்து எடுக்க வேண்டும்.

• டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷின் ஆகியவற்றை முழுதாக ஒன்று, பின்னால் உள்ள மாடல் எண், சீரியல் எண் ஒன்று என இரண்டு படம். பில் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்து எடுங்க.

• கடைசியாக வீடு முழுக்க மெதுவாக நடந்தபடி ஒரு வீடியோ. ‘இது போன வருஷம் வாங்கினது’ என்று பேசிக்கொண்டே எடுத்தால் பட்டியல் எழுதும் வேலையே மிச்சம்.

• பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் பக்கம் பக்கமாக. தொலைந்தால் பத்திரத்தின் சான்றிட்ட நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கலாம். அதற்குப் பத்திர எண்ணும் ஆண்டும் தேவை. போட்டோவில் அது இருக்கும்.

போன் தண்ணீரில் போனால் எல்லாம் போச்சு. அதனால் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்திலோ, வெளியூர் உறவினர் போனிலோ ஒரு நகல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் குறையாது. நகைப் படத்தையும் பத்திரப் படத்தையும் குரூப்பில் மட்டும் போட வேண்டாம்.

பணத்தில் அளக்க முடியாத பொருட்கள்?

பாட்டியின் பித்தளை அண்டா, தாத்தாவின் தோல் சீவும் கத்தி, கல்யாண போட்டோ, உருது எழுத்தில் உள்ள பழைய கணக்குப் புத்தகம். இதற்கெல்லாம் எந்த இழப்பீடும் வராது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், பாகம் பிரிக்கும்போதும் முதலில் காணாமல் போவதும் இவைதான்.

இப்படிப்பட்ட குடும்பப் பொருட்களின் படங்களையும் கதைகளையும் சேர்ப்பதற்காகவே 2017 முதல் இந்தியாவில் ‘மியூசியம் ஆஃப் மெட்டீரியல் மெமரி’ என்ற இணையதளம் இயங்குகிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் வடிவில் சேமித்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களும் அதே வகையைச் சேர்ந்தவைதான்.

கண்ணாடி பிரேமில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். பிளாஷ் போடாமல், சற்றே சாய்வாக, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு குரல் பதிவாகச் சேர்த்து வைங்க. வெறும் முகம் மட்டும் மிஞ்சினால் அடுத்த தலைமுறைக்கு அது யாரென்றே தெரியாது.

எப்போது செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குச் சற்று முன்பே, பெரும்பாலும் ஆயுத பூஜைக்காக எல்லாப் பொருட்களையும் வெளியே எடுத்துத் துடைக்கிறோம். அந்த நாளே சரியான நேரம். பூஜை செய்யாத வீடுகளில் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலைதான். ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக வாங்கியதை மட்டும் சேர்த்தால் போதும்.