ஜல்லிக்குள் ஜெல்லி

கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடம் லோயர் கேம்ப். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி மின்நிலையத்துக்குள் நுழைவது சாலையிலிருந்தே தெரியும். மேற்கே ஓடிக் கடலில் சேர வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமான சுரங்கத்தைக் கடந்து இங்கே வந்து இறங்குகிறது. பெரியாற்றின் குறுக்கே அணை கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் 2013இல் இங்கே திறக்கப்பட்டது. அவருக்கு மாலை போடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். அவர் கட்டிய அணையின் உடம்புக்குள் இருக்கும் கல்லைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை.

முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. முன்னும் பின்னும் கல் கட்டுமானம். நடுவயிற்றில், அணையின் கன அளவில் பாதிக்கும் மேலாக, சுர்க்கிக் கான்கிரீட். சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற சுட்ட களிமண் தூள், மணல் ஆகிய மூன்றையும் அரைத்த சாந்தில் உடைத்த கல்லைப் போட்டுக் கிளறி, அடுக்கடுக்காகக் கொட்டி இடித்தார்கள். சுண்ணாம்பு முதலான சாமான்கள் அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் மலையேறின.

அந்த உடைத்த கல்தான் ஜல்லி. நம் பொதுப்பணித் துறையின் ஆங்கில மதிப்பீட்டுத் தாள்களில் இது ‘ஜெல்லி’ என்று எழுதப்பட்டிருக்கும்: கருங்கல் ஜெல்லி, செங்கல் ஜெல்லி, இருபது மில்லிமீட்டர் ஜெல்லி. வெளியூரிலிருந்து வரும் இளம் பொறியாளர்கள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் தளதளவென்று ஆடுகிற தின்பண்டத்தைக் கொட்டியா வீடு கட்டுகிறார்கள்?

இது எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்தப் புறப்படுகிறவர்களை நான் தடுக்கவே விரும்புகிறேன். இந்தச் சொல்லுக்கு நல்ல வயதிருக்கிறது. இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த யூல், பர்னெல் இருவரின் ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, சாலைக்குப் போடும் வெந்த செங்கல் துண்டுகளைத் தென்னிந்தியாவில் ஜெல்லி என்பார்கள் என்று பதிந்திருக்கிறது. துண்டு, துணுக்கு என்று பொருள்படும் தெலுங்கு, தமிழ்ச் சொல்லின் திரிபு இது என்ற விளக்கமும் 1903ஆம் ஆண்டுப் பதிப்பில் உண்டு. அகராதி சான்றாக எடுத்துக்காட்டும் நூல் நம் பக்கத்துக்கே உரியது. 1868இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு விவர நூல் அது. சில அணைக்கட்டுகளின் உச்சியில் சுண்ணாம்போடு ஜெல்லி பூசியிருந்ததை அவர் குறிப்பிடுகிறார். அன்றைய மதுரை மாவட்டத்துக்குள்தான் லோயர் கேம்ப் உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் இருந்தது.

ஜல்லியின் மூலமான சல்லிக்குத் தமிழில் பெரிய குடும்பமே இருக்கிறது. கண்ணாடி சல்லி சல்லியாக நொறுங்குகிறது. கையில் சல்லிக்காசு இல்லை என்கிறோம். இலங்கையில் பணத்துக்கே சல்லி என்றுதான் பெயர். நெல்லுக்கும் புல்லுக்கும் சல்லிவேர். மாட்டின் கொம்பில் காசு முடிந்த சல்லிக்கட்டுக்குப் பல்லவராயன்பட்டியில் இன்றும் வாடிவாசல் திறக்கிறது. எல்லாவற்றிலும் சிறிதாகிப் பலவாகிப் போன ஒன்று தெரிகிறது.

தின்கிற ஜெல்லிக்கு இதோடு எந்த உறவும் இல்லை. உறைதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. ஜெலட்டின், ஜெல் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் பிறப்பால் உறவில்லாத இந்த இரண்டும் அணைக்குள் ஒன்றாகவே குடியிருக்கின்றன. எனக்கு வியப்பு அங்கேதான்.

ஜெல் என்பது என்ன? நீண்ட மூலக்கூறுகளோ நுண்துகள்களோ ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகி, இடையிலே நீரைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. எடையில் பெரும்பகுதி நீராக இருந்தாலும் அது ஓடுவதில்லை. மதுரை ஜிகர்தண்டாவில் மிதக்கும் கடல்பாசி நாமறிந்த நல்ல உதாரணம். 1861இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் இத்தகைய பசைத்தன்மையுள்ள பொருள்களைத் தனியே பிரித்துக் கொலாய்டு என்று பெயரிட்டார். அதிலிருந்து ஒரு துறையே வளர்ந்தது.

ஜெல் எல்லாமே குழைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. களிமண்ணைச் சுட்டால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் வினைபுரியும் நிலைக்கு வருகின்றன. நீர்த்த சுண்ணாம்போடு ஈரத்தில் சேரும்போது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பொருள் பிறக்கிறது. அதுவும் ஒரு ஜெல்தான். நானோமீட்டர் அளவுத் துளைகளில் நீரை வைத்துக்கொண்டிருக்கும் கெட்டியான ஜெல். காற்று பட்டு இறுகுகிற வெறும் சுண்ணாம்புச் சாந்துபோல் இல்லாமல், சுர்க்கிச் சாந்து தண்ணீருக்கடியிலும் இறுகுவதற்கு இதுவே காரணம். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து துறைமுகம் கட்டியதும் இதே வேதியியலில்தான். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு வலு தருவதும் இந்த ஜெல்லே. சுர்க்கியில் அது மெதுவாக விளைகிறது, மாதக்கணக்கிலும் அதற்குப் பிறகும்.

ஆனால் ஜெல்லை மட்டும் கொட்டி அணை கட்ட முடியாது. காயும்போது சுருங்கி வெடிக்கும். சுருங்க விடாமல் தாங்குவது ஜல்லி. கான்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜல்லியும் மணலுமே. கொத்தனார்கள் ஒன்றரை, முக்கால், அரை என்று அங்குலக் கணக்கில் ஜல்லி கேட்பதற்குப் பின்னே நல்ல கணிதம் இருக்கிறது: பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல் நிரப்ப, அதன் இடைவெளியை மணல் நிரப்ப, மிஞ்சியதைச் சாந்து நிரப்புகிறது. முனையுள்ள, சொரசொரப்பான கல் சாந்தைப் பிடித்துக்கொள்ளும். தட்டையான சில்லுகள் வந்தால் அனுபவசாலி லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார். அழுத்தத்தில் முதலில் உடைவது அவைதான்.

கல்லை உடைக்கிற இடத்திலும் ஜெல்லி உண்டு. 1875இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்தபோது கிடைத்த கூழ்தான் வெடிஜெலட்டின். நம் கல்குவாரிகளில் புழங்கும் ‘ஜெலட்டின் குச்சி’ என்ற பெயர் அதன் வழி வந்தது.

அணைக்குள் இருக்கும் ஜெல்லுக்கு எதிரி கசிவு. கட்டுமானத்துக்குள் ஊறிச் செல்லும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகும். அதனால்தான் பழைய அணைகளில் கசிவுநீரை அளந்து, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். பெரியாற்றில் 1979க்குப் பிறகு அணையின் மேல் கான்கிரீட் தொப்பி போட்டு, எஃகு வடங்களை அடிப்பாறை வரை இறக்கி நங்கூரமிட்டு, பின்புறம் புதிய கான்கிரீட்டைச் சாய்த்துச் சேர்த்தார்கள். அந்தப் புதுச் சுவரில் சுர்க்கிக்குப் பதில் சிமென்ட். ஜல்லி மட்டும் அதே கருங்கல் ஜல்லி.