உங்களுக்குத் தெரியுமா? புகையில் வந்த எலிநஞ்சு

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல், அமெரிக்காவின் இலினாய்ஸ் மாகாணத்து ஆஸ்பத்திரிகளுக்கு, அடிபட்ட காயம் ஏதுமின்றியே மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நில்லாமல் கசிய, சிறுநீரும் செந்நிறமாய் இறங்க, ஒருவர் பின் ஒருவராய் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். உலர்ந்த இலைத்தூளின்மேல் ரசாயனம் தெளித்து, 'ஸ்பைஸ்', 'கே2' என்ற பெயர்களில் விற்கப்படும் செயற்கைக் கஞ்சாவை அவர்கள் புகைத்திருந்தார்கள் என்பதும், அச்சரக்கில் ப்ரோடிஃபாகூம் என்னும் எலிமருந்து கலந்திருந்தது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. நூற்றைம்பது பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, நால்வரேனும் மாண்டது மிகக் கொடிய அநியாயம்.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களுள் நான்கை ஈரல் உண்டாக்குவதற்கு வைட்டமின் கே இன்றியமையாதது. ஒருமுறை செலவான அந்த வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் உபயோகிக்கும் மார்க்கத்தையே இவ்விஷம் அடைத்துவிடுகிறது. 1920-களில் வட அமெரிக்கச் சமவெளிகளில், பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்று ரத்தம் பெருகி மாண்ட மாடுகளைப் பற்றிய ஆராய்ச்சியின் வழியே பிறந்து, இருதய நோயாளிகளுக்கு இன்றும் கொடுக்கப்படும் வார்ஃபரினின் வம்சத்தைச் சேர்ந்ததே இதுவும். ஆயினும் வார்ஃபரின் சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிட, இதுவோ ஈரலில் மாதக்கணக்கில் தங்கிவிடும் இயல்புடையது. ஆகவே கசிவு நின்று வீடு திரும்பியவர்களும், அந்நாட்டில் விலை மிகுந்த வைட்டமின் கே மாத்திரைகளைப் பல மாதங்கள் தினந்தோறும் உட்கொள்ள வேண்டியதாயிற்று. இந்நஞ்சைப் புகைத்தவர்களுள் சிலர் ரத்த தானமும் செய்திருந்தது தெரியவரவே, ரத்த வங்கிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பப்பட்டது.